ஜோகூருக்கு ஒரு வார இறுதி, கொஞ்சம் தொண்டு, கொஞ்சம் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து நண்பர்கள், குடும்பங்கள், உடன் வேலை செய்பவர்கள் எனச் சிறு குழுவாகச் சேர்ந்து சனிக்கிழமை காலை கடற்பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்திலோ பிள்ளைகள் இல்லத்திலோ சில மணி நேரம் செலவிட்டு, மிச்ச நேரத்தில் ஊர் சுற்றிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புகிற பயணம் பற்றியது இது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நீங்களாகவே ஒரு குழு சேர்த்துப் போக நினைத்தாலும் பயன்படும்.

தொண்டூழியத்தையும் சுற்றுலாவையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது சரியா? மனசு உறுத்துகிறதே?

உறுத்த வேண்டிய அவசியமில்லை. ஊர் சுற்றும் ஆசையும் சேர்ந்திருப்பதால்தான் பலர் வருகிறார்கள், வந்தவர்களில் சிலர் அந்த இல்லத்தோடு பல வருடம் உறவாகிவிடுகிறார்கள். நீங்கள் அங்கே தங்கும் அறை, சாப்பிடும் கடை, அமர்த்தும் வேன் எல்லாமே அந்த ஊர்க்காரருக்குப் போகிற வருமானம்தான். சரி, அப்படியானால் எதுதான் தப்பு? இல்லத்தையே சுற்றுலா இடங்களில் ஒன்றாக ஆக்குவது. பத்து மணிக்குக் கோயில், பதினொன்றுக்கு முதியோர் இல்லம், பன்னிரண்டுக்கு பேரங்காடி என்று திட்டம் போட்டு, பேருந்திலிருந்து நாற்பது பேர் இறங்கி, பை கொடுத்து, படம் எடுத்து, அரை மணியில் கிளம்பிவிடுவது. அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். இல்லத்துக்கு என்று ஒதுக்கிய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மீதி நேரத்தில்தான் மற்றதெல்லாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.

சிங்கப்பூரிலேயே உதவி தேவைப்படுகிறவர்கள் இல்லையா? ஏன் எல்லை தாண்ட வேண்டும்?

இருக்கிறார்கள், அவர்களுக்கும் செய்யுங்கள். இங்கே தொண்டூழியம் செய்ய வழிகள் நிறைய, அரசாங்க ஆதரவும் அதிகம். ஜோகூரில் வீட்டையே இல்லமாக மாற்றி நடத்துகிற சின்னச் சின்ன இடங்கள் பெரும்பாலும் மக்கள் கொடுப்பதை வைத்துத்தான் மாதத்தை ஓட்டுகின்றன. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் நாம் கொடுப்பதும் அங்கே கூடுதல் தூரம் போகும்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. அங்கே முதியோர் இல்லங்களில் இருக்கும் தமிழர்களில் பலர் தோட்டப்புறத்து மனிதர்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக ஆனபோது, குடியிருந்த வீட்டையும் வேலையையும் ஒரே நேரத்தில் இழந்த தலைமுறை அது. வாழ்நாள் முழுக்க அந்த மண்ணிலேயே உழைத்தும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடே முதுமைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. குடியுரிமை இல்லாததால் குடிமக்களுக்கான உதவித்தொகை அவர்களுக்கு எட்டாது. அவர்களோடு தமிழில் உட்கார்ந்து பேசுவதற்கு நாம் எல்லை தாண்டலாம்.

ஓர் இல்லம் நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு மட்டும் அவசரமே வேண்டாம். 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் இருபது இல்லங்களில் போலீஸ் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்ட செய்தி நினைவிருக்கும். வெளியே நல்ல பெயரோடு இயங்கிய இடங்கள் அவை. ஆகவே "நல்ல இடம் என்று ஒருத்தர் சொன்னார்" என்பது போதாது.

மலேசியாவில் பராமரிப்பு இல்லங்கள் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை இல்லத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருப்பார்கள். கேட்டால் படம் எடுத்து அனுப்பவும் தயங்க மாட்டார்கள், தயங்கினால் அதுவே பதில். சங்கமாக நடத்தப்படும் இடமென்றால் சங்கப் பதிவிலாகாவின் பதிவு இருக்கும். வங்கிக் கணக்கு இல்லத்தின் பெயரில் இருக்கிறதா, தனி ஆளின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வருடக் கணக்கு அறிக்கை உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல இல்லங்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கம், கோபம் வராது.

அப்புறம், குழுவைக் கூட்டிப் போவதற்கு முன் இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் முதலில் கவனிப்பது கழிவறையும் சமையலறையும். படுக்கை விரிப்பு விருந்தாளிக்காக அன்று மட்டும் மாற்றியதாக இருக்கலாம், கழிவறைக் கைப்பிடியும் ஈரம் வழுக்காத தரையும் ஒரே நாளில் வந்துவிடாது. பிள்ளைகள் இல்லமென்றால் அவர்கள் பள்ளிக்குப் போகிறார்களா, பெற்றோரோ உறவினரோ வந்து பார்க்க முடிகிறதா என்று விசாரியுங்கள். 'அநாதை இல்லம்' என்று சொன்னாலும் பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பார்கள், வறுமையால் விட்டிருப்பார்கள். முன்பின் தெரியாத நம்மைத் தனியாகப் பிள்ளைகளோடு விடுகிற இல்லம் என்றால் அங்கே போகவே வேண்டாம். நம்மை அப்படி விடுகிறவர்கள் எல்லாரையும் அப்படித்தான் விடுவார்கள்.

என்ன வாங்கிக்கொண்டு போவது?

இல்லத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் கூச்சத்தில் "எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்பார்கள். அதனால் "இந்த மாதம் எது தீர்ந்துபோச்சு, எதைக் காசு போட்டு வாங்குறீங்க" என்று கேட்பதே என் வழக்கம். உடனே பட்டியல் வரும்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் ஓர் இல்லத்தின் சாமான் அறையைப் பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை பிஸ்கட் டின், மீ பாக்கெட், மைலோ, இனிப்பு பானம். அதில் பாதிக்கு மேல் அங்கிருந்த நீரிழிவுக்காரர்கள் தொடக்கூடாதவை. அதே அறையின் ஒரு மூலையில் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரே ஒரு கட்டு, அதுவும் பிரித்தது. பொறுப்பாளர் அம்மா அதை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பொதுவாக எப்போதும் தேவைப்படுபவை: டயப்பர் (அளவு கேட்டு), கையுறை, புண்ணுக்குக் கட்டும் துணி, சலவைத்தூள், தரை கழுவும் திரவம், சமையல் எண்ணெய், பருப்பு, சர்க்கரை சேர்க்காத பால்மாவு. பிள்ளைகளுக்கு உள்ளாடை, பள்ளிக் காலணி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் அணையாடை. இதையெல்லாம் பரிசுத்தாள் சுற்றிக் கொடுக்க முடியாது, படத்திலும் அழகாக இருக்காது, ஆனால் மாதாமாதம் தேவை.

பழைய துணி வேண்டவே வேண்டாம், அவர்களாகக் கேட்டாலொழிய.

அரிசி, மளிகை எல்லாம் சிங்கப்பூரிலிருந்தே ஏற்றிக்கொண்டு போகலாமா?

கூடாது. மலேசியாவில் அரிசி இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, பெர்னாஸ் நிறுவனத்துக்கு மட்டுமே அந்த உரிமை. இறைச்சிக்கும் அனுமதி வேண்டும். மற்றவற்றையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனால் வியாபாரச் சரக்கு என்று சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், அது அவர்கள் கடமை. அதோடு பேருந்தில் போனால் சிங்கப்பூர்ச் சாவடியான உட்லண்ட்ஸில் ஒருமுறை, மலேசியச் சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் ஒருமுறை என இரண்டு இடத்திலும் எல்லா மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். கையை வீசிக்கொண்டு போய், இல்லத்துக்குப் பக்கத்து மளிகைக்கடையில் வாங்குங்கள். விலை மலிவு, கடைக்காரரே வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார், மிச்சமானதை இல்லத்தார் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பணமாகக் கொடுத்தால் போதாதா? வரிக்கழிவு கிடைக்குமா?

பல நேரங்களில் பணம்தான் சிறந்த உதவி. மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வீட்டு வாடகை, பராமரிப்பாளர் சம்பளம் இதற்கெல்லாம் பிஸ்கட் உதவாது. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், முடிந்தவரை இல்லத்தின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கைப்பேசியில் உடனுக்குடன் பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டுயிட்நவ் இரண்டையும் 2023 நவம்பரில் இணைத்துவிட்டார்கள். ஆனால் அது தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்புவதற்கானது. இல்லத்தின் கணக்குக்கு வழக்கமான வெளிநாட்டு வங்கிப் பரிமாற்றமே சரி.

வரிக்கழிவு கிடையாது. சிங்கப்பூரில் 250 விழுக்காட்டு வரிக்கழிவு, இங்குள்ள தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான்.

அலுவலகத்தில், முகநூலில் எல்லாரிடமும் நிதி திரட்டிக்கொண்டு போகலாமா?

கவனம். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவனங்களின் ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டை உள்நாட்டிலேயே செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு தருவார்கள். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரவுகிற வேண்டுகோள், முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போடுகிற பதிவு இதெல்லாம் பொதுமக்களிடம் கேட்பதாகத்தான் பார்க்கப்படும். பயணத்தில் வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் தங்களுக்குள் போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் வழக்கம். அதற்கும் ஒருவர் கணக்கு எழுதி, ரசீதுகளோடு எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்.

கடப்பிதழ், விசா விஷயம் என்ன?

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் பார்க்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாத எல்லாரும், சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் இருப்பவர்கள் உட்பட, மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கிற தளம் போலி. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வேலை அனுமதித் தம்பிகள் அட்டையைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள், திரும்பி உள்ளே வர அதுதான் ஆதாரம். முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், ஞாயிறு இரவு நெரிசலில் மாட்டினால் திங்கள் காலை வேலைக்குத் தாமதமாகலாம்.

சொந்தக் காரா, பேருந்தா, ரயிலா?

ஆறேழு பேர் என்றால் கார் வசதி. ஆனால் நிபந்தனைகள் உண்டு. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். அதை முன்பே பதிவு செய்து ஒட்டுவில்லையை ஒட்டியிருக்க வேண்டும். சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். இந்தப் பக்கம் கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பக்கம் ரோன்95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்குத் தடை, 97 போடுங்கள். காரில் போகிறவர்கள் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் கியூஆர் குறியீடு எடுத்தால் பத்து பேர்வரை ஒரே குறியீட்டில் சிங்கப்பூர்ச் சாவடியைக் கடக்கலாம், ஒவ்வொரு கடப்பிதழாக நீட்ட வேண்டாம்.

ரயில்தான் எனக்குப் பிடித்தது. உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஐந்தே நிமிடம், இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். ஆனால் வார இறுதிச் சீட்டு வெகு சீக்கிரம் விற்றுத் தீரும், குழுவாகப் போவதென்றால் விற்பனை திறந்த உடனே எடுத்தாக வேண்டும். 2026 இறுதியில் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்குவதாகத் திட்டம். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றும். இந்த மாதிரிப் பயணங்களுக்கே அது பெரிய மாற்றமாக இருக்கும்.

ஜோகூரில் இறங்கியதும் உள்ளூர் வேன் அமர்த்திக்கொள்ளலாம். எல்லை தாண்டி நேராக வீட்டு வாசல்வரை கூட்டிப்போகிறேன் என்று தனியார் வேனில் ஆள் ஏற்றுபவர்களில் உரிமம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அந்த வேலையே வேண்டாம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே சோதனைச்சாவடியில் இருங்கள். பள்ளி விடுமுறைக் காலத்திலும் நீண்ட வார இறுதியிலும் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் கடந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட வாரங்களில் நாங்கள் போவதே இல்லை. இன்னொன்று, 2025 ஜனவரி முதல் ஜோகூரின் வார விடுமுறையும் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. அதற்கு முன் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. ஆகவே பழைய நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

முதியோர் இல்லத்துக்குப் போக நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. குளித்து, பசியாறி, தெளிவாக இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடுவார்கள், அப்போது போய் எழுப்பி உட்காரவைப்பது கொடுமை.

அங்கே போய் என்ன செய்வது? எனக்கு ஆட்டம் பாட்டம் எல்லாம் வராது.

வர வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், அதுதான் முக்கால்வாசி வேலை. "எந்தத் தோட்டம், பாட்டி?" என்று கேட்டால் போதும். லாயாங் லாயாங், ரெங்கம், கூலாய், லாபிஸ் என்று ஏதாவது ஒரு பெயர் வரும், பிறகு பேச்சு தானாக ஓடும். ஒரு பாட்டி பால்மரம் சீவுகிற விதத்தை எனக்குக் காட்டினார்: என் முன்கையைப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை உளி மாதிரி வைத்து, மேலிருந்து சாய்வாக இழுத்தார். "ஆழமா போனா மரம் செத்துரும், மேலோட்டமா போனா பால் வராது" என்றார். நேற்று யார் வந்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை, அந்தச் சாய்வு மட்டும் விரலில் அப்படியே இருந்தது.

கைவேலை செய்ய விரும்புகிறவர்களுக்கும் இடமுண்டு. நகம் வெட்டுவது, முடி திருத்துவது (இல்லத்தாரைக் கேட்டுவிட்டு), மின்விசிறி துடைப்பது, கொசுவலை மாற்றுவது, கழிவறையில் கைப்பிடி பொருத்துவது. எங்கள் குழுவில் கட்டுமான வேலை பார்க்கும் தம்பிகள் வருகிற நாளில் பொறுப்பாளர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷமே வேறு. சிங்கப்பூரில் வாரம் ஆறு நாள் வெயிலில் உழைத்துவிட்டு ஏழாம் நாளையும் இப்படிக் கொடுக்கிறவர்கள் அவர்கள், இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இருமல், காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். உங்களுக்கு மூன்று நாள் சளி, எண்பது வயதுக்காரருக்கு மருத்துவமனை.

படம் எடுக்கலாமா?

பிள்ளைகள் முகத்தை எடுக்கவே வேண்டாம். இல்லத்தில் இருக்கிற பிள்ளை என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயமில்லை. நாளைக்கு அவன் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, எங்கோ நன்றாக இருக்கும்போதும் உங்கள் பக்கத்தில் அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு நிற்பான். பெரியவர்களிடம் கேட்டு, அவர் புரிந்துகொண்டு சரி என்றால் எடுக்கலாம், பேரன் எடுப்பது போல் பக்கத்தில் உட்கார்ந்து எடுங்கள், பொருளைக் கையில் கொடுத்தபடி வேண்டாம். குழுப் படம் வேண்டுமென்றால் வாசலில் நம் ஆட்கள் மட்டும் நின்று எடுத்துக்கொள்ளலாம்.

என் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. ஏழெட்டு வயதுக்கு மேல் நல்லது. முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள்: சக்கர நாற்காலி இருக்கும், சில தாத்தா பாட்டிகள் சத்தம் போடலாம், ஒரு மாதிரி வாடை இருக்கலாம், மூக்கைப் பிடிக்கக் கூடாது. "பார், உனக்கு எவ்வளவு வசதி, இவங்களைப் பார்" என்று அங்கேயே நின்று பாடம் நடத்தாதீர்கள். அந்த மனிதர்களுக்குக் காது கேட்கும்.

எங்கள் குழுவில் மருத்துவர் இருக்கிறார். முகாம் நடத்தலாமா?

மலேசியாவில் மருத்துவம் பார்க்க அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் பதிவோ தற்காலிக அனுமதியோ வேண்டும். சுற்றுப்பயணியாக வந்து மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. அதற்குப் பதில் உள்ளூர் மருத்துவர் ஒருவரின் வருகைக்கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அவர் அதே ஊரில் இருப்பார்.

தமிழ்ப்பள்ளிக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், நல்ல எண்ணம். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன, ஜோகூரின் உள்பகுதிகளில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த சிறு பள்ளிகளும் அவற்றில் உண்டு. வார இறுதியில் பள்ளி இருக்காது. தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் முன்கூட்டிப் பேசி, நூலகத்துக்குப் புத்தகம், வகுப்பறைச் சாயம் என்று ஒன்றை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். அங்குள்ள பாடத்திட்டம் வேறு, ஆகவே சிங்கப்பூர்ப் பயிற்சிப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. கதைப் புத்தகத்துக்கு எல்லை கிடையாது.

சரி, சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஜோகூர் பாரு என்றாலே பேரங்காடி, மசாஜ், கார் கழுவுவது என்று பலர் நினைக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் பழைய நகரம் இருக்கிறது. உங்கு புவான் சாலையில் ராஜமாரியம்மன் ஆலயம், பக்கத்து துருஸ் சாலையில் பழைய சீனக் கோயில், அதே வட்டாரத்தில் சீக்கியக் குருத்துவாரா. கோயிலைச் சுற்றிப் பூக்கடை, துணிக்கடை, காலைப் பசியாற இட்லி தோசை எல்லாம் உண்டு. டோபி சாலை, தான் ஹியோக் நீ சாலைப் பக்கம் நடந்தால் விறகு அடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் பழைய ரொட்டிக்கடை இருக்கிறது, வாசனையே வழி சொல்லும். கடலைப் பார்த்த மேட்டில் சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல், 1892இல் தொடங்கி 1900இல் கட்டி முடித்தது.

ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை விடாதீர்கள். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய இடம், இப்போது சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடித் துண்டுகள் பதித்து, உள்ளே நுழைந்ததும் கண் கூசுகிறது. சுற்றுப்பயணிகளுக்குத் தனி நேரம் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாளுக்கு என் தேர்வு தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே பலகைப் பாதையில் நடந்துபோய் முனையில் நின்றால் எதிரே கப்பல்கள் வரிசையாக நிற்கும். தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, பூலாய் ஆறு மூன்றும் 2003 முதல் ராம்சார் ஈரநிலங்கள், அதாவது அனைத்துலக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். போகிற வழியில் குக்குப் மீனவர் கிராமம், வீடுகள் எல்லாம் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும். கொசுத்தைலம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக வந்தால் நகர நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம்.

இல்லம் குளுவாங் பக்கம் என்றால் ரயில் நிலையத்தில் 1938 முதல் இருக்கும் காப்பிக் கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

மலாக்காவையும் சேர்த்துவிடலாமா?

ஒரே வார இறுதியில் வேண்டாம். இரண்டரை, மூன்று மணி நேர ஓட்டம், நெரிசலைச் சேர்த்தால் இன்னும் அதிகம். இல்லத்துக்கான நேரம்தான் அடிபடும். மலாக்காவுக்கென்று தனியாகப் போங்கள், 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நகரம், அங்கே பழங்காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த செட்டிகள் 1781இல் கட்டிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலும், காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமமும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை.

திரும்பி வரும்போது சுங்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சனி காலை போய் ஞாயிறு இரவு வந்தால் 48 மணி நேரம் ஆகாது. ஆகவே பொருள் சேவை வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது ஆளுக்கு 100 வெள்ளி மதிப்புதான், 500 இல்லை. வேலை அனுமதி, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்குத் தீர்வைச் சலுகை இல்லை, சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை. மின்சிகரெட், சூயிங்கம் இரண்டும் தடை. குழுவில் ஒருவர் மாட்டினாலும் பேருந்தே காத்திருக்க வேண்டிவரும், ஆகவே கிளம்பும் முன் எல்லாரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒருமுறை போய் வந்தால் போதுமா?

ஒருமுறை வருவதும் உதவிதான். ஆனால் பத்து இல்லத்துக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் மன்றாடுகிறேன். இரண்டாம் முறை போகும்போதுதான் பாட்டிக்கு இனிப்பு ஆகாது என்பது நமக்கு நினைவிருக்கும், மூன்றாம் முறைதான் பொறுப்பாளர் கூச்சமில்லாமல் "துவைக்கிற இயந்திரம் கெட்டுப்போச்சுப்பா" என்று சொல்வார். பிள்ளைகள் இல்லத்தில் இது இன்னும் முக்கியம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். நிச்சயமில்லை என்றால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டை ஒட்டி இல்லங்களில் கூட்டம் அலைமோதும், சில இல்லங்களில் ஒரே நாளில் மூன்று குழு வரும், மூன்று முறை சாப்பாடு வரும். அது அடங்கியபின் வருகிற மாதங்களில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் அப்போதுதான் போகிறோம்.

மழைக்காலத்தில் போகலாமா?

நவம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குப் பருவமழை. கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட், பத்து பகாட் பக்கமெல்லாம் வெள்ளம் வருவதுண்டு, 2023 மார்ச்சில் ஜோகூரில் பல்லாயிரம் பேர் துயர்துடைப்பு மையங்களில் இருந்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இல்லத்தைக் கூப்பிட்டு ரோடு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் ஏறிவிட்டது என்றால் பயணத்தைத் தள்ளிப்போட்டு, வண்டிக்கும் அறைக்கும் ஒதுக்கிய பணத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள். தண்ணீர் வடிந்த மறுவாரம் மெத்தை, குளிர்சாதனப்பெட்டி, கழுவித் துடைக்க ஆள், எல்லாமே தேவைப்படும். அந்த வாரம் போனால் ஊர் சுற்ற நேரமிருக்காது, ரப்பர் காலணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.